பதினான்காம் படத்துச் சீமாட்டி

சிதம்பரம்தான் திருடன் என்று நிரூபணமாகிவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

ஹனோவர் நகரத்து டிராமில், பனி அப்பிய ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கோபாலனுக்குக் காலையிலிருந்து இதே நினைப்புதான். துப்பறிகிறவளின் உதவியாளன் இப்படி நினைப்பது நியாயமில்லை என்று அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிறு எரிகிறபோது நியாயம் எங்கே ஞாபகத்துக்கு வருகிறது?

பக்கத்தில் வைதேகி உட்கார்ந்திருந்தாள். சாயங்களின் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்ய மதராஸிலிருந்து வந்தவள். ஆனால் 1967-ம் வருஷம் ஹனோவரில் இருந்த நாற்பது சொச்சம் இந்திய மாணவர்களிடையே அவள் பிரசித்தமானது வேறு காரியத்தில். தொலைந்துபோன பாஸ்போர்ட், கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம், ஹாஸ்டல் சமையலறையிலிருந்து மாயமான ஆவக்காய் ஜாடி, எதுவானாலும் சரி, வைதேகியிடம் போனால் இரண்டே நாளில் விடை கிடைத்துவிடும். ஆவக்காய் வழக்கில் குற்றவாளி சாட்சாத் கோபாலனேதான். பிடிபட்ட அன்று தண்டனையாக அவளுக்கு உதவியாளன் ஆனான். தண்ணீர் பம்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவன், மிச்ச நேரமெல்லாம் அவள் பின்னால் அலைந்தான். இரண்டு வருஷத்தில் அந்தத் தண்டனை வேறு ஏதோ ஆகிவிட்டது. அதை அவளிடம் சொல்லத்தான் அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா சிதம்பரம் வந்து சேர வேண்டும்!

சிதம்பரம் கட்டடக்கலை வரலாற்று மாணவன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து ராஜாவுக்குச் சித்தம் கலங்கிப்போய், மகன் அவருக்குப் பதிலாக ரீஜென்டாக இருந்து ஆண்டானே, அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளின் உள் அலங்காரம்தான் அவனுடைய ஆராய்ச்சி. அதே ராஜ வம்சம் ஹனோவரையும் ஆண்டதால் அந்த நாளைய படப் புத்தகங்கள் இங்கேயும் வந்து கிடந்தன. பையன் திரைச்சீலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். வைதேகி கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். பம்புகளைப் பற்றி அவள் ஐந்து நிமிஷம்கூடக் கேட்டதில்லை. போதாக்குறைக்குப் பொங்கலுக்குக் கையால் வரைந்த வாழ்த்து அட்டை ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தான். மஞ்சள் அறை, சோபாவில் ஒரு சீமாட்டி, எதிரே ஒரு துரை. அட்டை ஐந்து வாரமாக அவள் மேஜையில் நின்றது. கோபாலன் அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்ததில், ராப்பகலாக அது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்தச் சிதம்பரம்தான் நேற்று மாலை முகம் வெளிறிப்போய் வைதேகியிடம் ஓடிவந்தான். அவனுடைய நிறுவனத்து நூலகத்தில் ரீஜென்ட் காலத்துப் படப்பெட்டி ஒன்று உண்டு. அதில் பதினான்காம் படம் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு நகல் இருந்ததாம், அதை அவன் கண்ணில்கூடக் காட்டவில்லை. பதிவேட்டில் பெட்டியை வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது சிதம்பரம். இன்று மாலை நான்கு மணிக்குள் அசல் படம் வராவிட்டால் பேராசிரியர் ஸ்காலர்ஷிப் ஆபீசுக்குக் கடிதம் எழுதிவிடுவார். ஸ்காலர்ஷிப் போனால் விசாவும் போயிற்று, பையன் திருட்டுப் பட்டத்தோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

"அவர் எடுத்திருக்க மாட்டார்" என்றாள் வைதேகி.

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தப் படங்களைப் பத்திப் பேசறப்ப அவர் முகத்தைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்தேனே. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப்போற மாதிரி பளபளன்னு இருந்துது."

அவள் சிரிக்கவில்லை. கோபாலனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நூலகத்தில் லூடர்ஸ் அம்மாள் காத்திருந்தாள். முப்பது வருஷமாக அந்த அலமாரிகளைக் காத்துவரும் நூலகர். தன் வீட்டு நகை போன மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். நகல் படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

கோபாலனுக்குச் சுருக்கென்றது. அதே மஞ்சள் அறை! வாழ்த்து அட்டைக்கு மூலம் இந்தப் பதினான்காம் படம்தான். கோடு போட்ட மஞ்சள் சுவர்த்தாள். குஞ்சம் வைத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைகள். கணப்புக்கு மேலே தங்கக் கழுகு உட்கார்ந்த வட்டக் கண்ணாடி. சிங்கப் பாதம் வைத்த சோபாவில் சீமாட்டி, நிற்கிற துரைக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டுகிறாள்.

"சோபாவுக்கு நகம் வேற இருக்கு. உக்காந்தா பிறாண்டுமா?" என்று கேட்டு வைத்தான். வைதேகி படத்தின் மேல் குனிந்தவள் ஒரு விநாடி அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து லூடர்ஸ் அம்மாளிடம் ஜெர்மனில் விசாரிக்க ஆரம்பித்தாள்.

அம்மாள் சொன்னது இது. பெட்டியில் இருபத்துநான்கு படங்கள், எல்லாம் தனித்தனித் தாள்கள். மூன்று வாரத்துக்கு முன் பேராசிரியரே இந்தப் பதினான்காம் படத்தை வகுப்பில் காட்டினார், அவருக்கே சந்தேகம் வரவில்லை. சிதம்பரம் அன்று வகுப்புக்கு வரவில்லை. நேற்றுக் காலை அவள் மேஜையில் டைப் அடித்த துண்டுச்சீட்டு ஒன்று கிடந்தது. பதினான்காம் படத்தின் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தது, கையெழுத்து இல்லை. பிடித்துப் பார்த்தாள். காகிதம் புத்தம் புதுசு. பேராசிரியரை விட்டால் நாலு மாதமாக இந்தப் பெட்டிப் பக்கம் வந்தவர்கள் இரண்டே பேர்தான், சிதம்பரமும் பக்கத்து மேஜைப் பாலச்சந்திரனும். இரண்டு பேரும் ஒரே பேராசிரியரின் மாணவர்கள். ஏப்ரலில் காலியாகிற ஒரே ஒரு உதவியாளர் வேலைக்கு இரண்டு பேரும் மனுப் போட்டிருக்கிறார்கள்.

"பாலச்சந்திரன் வரைவாரா?" என்று வைதேகி கேட்டாள்.

ஸ்கேலும் மசியும் வைத்துக் கட்டட வரைபடம் போடுவார், வண்ணம் தொட்டதில்லை என்றாள் அம்மாள். படத்தை உருவிக்கொண்டு போயிருந்தால் யார் மேல் வேண்டுமானாலும் சந்தேகம் வந்திருக்கும். இப்படி ஒரு நகல் வரைந்து வைக்க இந்தக் கட்டடத்தில் சிதம்பரத்தை விட்டால் ஆளில்லை.

கோபாலனுக்கு மனசு குளிர்ந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்க, பெட்டியிலிருந்த மற்ற படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். பச்சை அறை, நீல அறை, கூடாரம் மாதிரி துணி கட்டிய படுக்கை அறை. என்ன இருந்தாலும் ரசனையான ஜனங்கள்தான். ஒன்பதாம் படத்தில் ஒரு துரை கடிதம் எழுதுகிறார். இடது கையால். பதினோராம் படத்தில் ஒருவர் வயலின் வாசிக்கிறார். வில் இடது கையில். பதினேழில் ஒரு சீமாட்டி தோழிக்கு விசிறி கொடுக்கிறாள். அதுவும் இடது கையால்.

"இந்த ஊர்ல பீச்சாங்கையாலதான் எல்லாம் நடக்கும்போல" என்று சிரித்தவன், சட்டென்று நிறுத்திப் பதினான்காம் படத்தை இழுத்துப் பார்த்தான். சீமாட்டி கோப்பையை நீட்டுவது வலது கையால்.

லூடர்ஸ் அம்மாளைக் கேட்டான். இத்தனை நேரம் அதைக் கவனிக்காமல் விட்டது அவளுக்கே ஆச்சரியம். ஓவியர் வரைந்ததைத் தாமிரத் தகட்டில் அப்படியே செதுக்கிக் காகிதத்தில் அழுத்தினால் படம் இடம் வலம் மாறி விழும் என்று விளக்கினாள். சிலர் அதை முன்கூட்டியே யோசித்து மாற்றிச் செதுக்குவார்கள். இந்தப் பெட்டியைப் போட்டவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. அதனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இடக்கையர்கள். துரைமார்களின் கோட்டுப் பொத்தான்கூட மாறித்தான் இருக்கும் என்றாள். நகலிலும் பொத்தான் மாறித்தான் இருந்தது. கோப்பை மட்டும் வலது கைக்கு வந்திருந்தது.

"ஜெர்மன்காரன் பாத்ததைப் பாத்தபடி வரைஞ்சிருப்பான்" என்றான் கோபாலன், உற்சாகம் தாங்காமல். "ஒரு பொம்பளை இடது கையால டீ நீட்டறதை எவனால சகிச்சுக்க முடியாது? நம்ம ஊர்க்காரனாலதான். யோசிக்காமலே கை தானா மாத்திப் போட்டுடுச்சு. இது தமிழன் வேலை, வைதேகி. ஆக, சிதம்பரம்!"

"இல்லைன்னா பாலச்சந்திரன்."

"அவர் ஸ்கேல் பிடிக்கிற ஆளுன்னு இந்தம்மாவே சொல்லிட்டாங்களே."

வைதேகி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, போகலாம், வழியில் யோசிப்போம் என்று மட்டும் சொன்னாள்.

மாணவர் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் டிராமில் ஏறி உட்கார்ந்தார்கள். மணி பதினொன்றே முக்கால். கோபாலன் ஜெயித்த களிப்போடு கண்ணை மூடினான். மூடினதுதான் தாமதம், அந்தப் பாழாய்ப்போன வாழ்த்து அட்டை வந்து நின்றது. மஞ்சள் சுவர், கழுகு, சிங்கப் பாதம், சீமாட்டி, கோப்பை.

கோப்பை இடது கையில்.

கண்ணைத் திறந்தான். மறுபடி மூடிப் பார்த்தான். சந்தேகமே இல்லை. ஐந்து வாரம் முறைத்துப் பார்த்த அட்டை. வைதேகிக்கு இடது கையால் நீட்டுகிற படத்தையா கொடுப்பான் மடையன் என்றுகூட ஒரு நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறான். அப்படியானால் சிதம்பரம் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தபோது உள்ளது உள்ளபடிதான் வரைந்திருக்கிறான். அவன் கை எதையும் மாற்றவில்லை. மாற்றிய கை வேறு.

முதல் ஸ்டாப் வந்தது. இதை யார் கவனித்திருக்கப்போகிறார்கள் என்று நினைத்தான் கோபாலன். வைதேகி அட்டையைப் பார்த்து ரசிக்கிறவள், கையெல்லாமா பார்த்திருப்பாள்?

இரண்டாவது ஸ்டாப். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டாம். நாலு மணிக்குக் கடிதம் போய்விடும். அப்புறம் வைதேகியின் சாயங்கால நேரமெல்லாம் காலி.

மூன்றாவது ஸ்டாப். சிதம்பரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தான். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தான். நேற்றுப் பார்த்த அந்த வெளிறிய முகம்தான் வந்தது. சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

"வைதேகி" என்றான். "உங்க பொங்கல் கார்டுல அந்தம்மா லெஃப்ட் ஹேண்ட்லதான் கப்பை நீட்டறா. சிதம்பரம் பண்ணல."

நான்காவது ஸ்டாப்பில் டிராம் நின்று, மறுபடி கிளம்பியது.

"அப்போ பாலச்சந்திரன்" என்றாள் அவள், நிதானமாக. "ஆனா ஒரு கார்டைக் காட்டினா புரொஃபசர் நம்புவாரா? அசல் படம் வேணும். அவர் அதை எங்க வெச்சிருக்கார்னு தெரியணும்."

"அவரே காட்டுவார்."

"எப்படி?"

"பொறாமைக்காரனை எங்க கிள்ளினா வலிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றான் கோபாலன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கூடத்தில் பாலச்சந்திரன் தனியாக உட்கார்ந்து வேகவைத்த உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ஸ்கேல். கோபாலன் தட்டோடு போய் எதிரே உட்கார்ந்தான். நம்ம சிதம்பரத்துக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இரண்டு பேரும் சம்பிரதாயமாக வருத்தப்பட்டார்கள். பிறகு கோபாலன் குரலைத் தாழ்த்தி, ஆனாலும் அவனுக்குத் திமிர் அடங்கவில்லை என்றான். நகலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம். சின்னப் பிள்ளைகூடப் பண்ணாத ஒரு தப்பு அதில் இருக்கிறதாம். வரையத் தெரிந்தவன் எவனும் இப்படிச் சொதப்ப மாட்டான், இதைத் தான் வரைந்ததாகச் சொன்னால் தனக்குத்தான் அவமானம் என்றானாம்.

பாலச்சந்திரனின் கத்தி உருளைக்கிழங்கில் பாதியில் நின்றது.

"என்ன தப்பாம்?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கறான். நாலு மணிக்குப் புரொஃபசர் முன்னாடி சொல்லுவானாம். படம் லைப்ரரி மேஜையிலதான் இருக்கு, முடிஞ்சா நீங்களே கண்டுபிடிங்கன்னான்."

பாலச்சந்திரன் மிச்சத்தைச் சாப்பிடவில்லை.

ஒன்றரை மணிக்கு அவன் நூலகத்துக்குள் நுழைந்தபோது, வைதேகி முன்னாலேயே திரும்பி வந்து சொல்லிவைத்தபடி நகல் படம் ஜன்னல் வெளிச்சத்தில் மேஜை மேல் கிடந்தது. லூடர்ஸ் அம்மாள் எங்கோ போன மாதிரி அலமாரிக்குப் பின்னால் நின்றாள். அவளோடு வைதேகியும் கோபாலனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாலச்சந்திரன் படத்தின் மேல் குனிந்தான். ஸ்கேலை எடுத்து ஜன்னலை அளந்தான். சுவர்க் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். குஞ்சங்களை எண்ணினான். சீமாட்டியைத் தாண்டித் தாண்டித்தான் போனான், நிற்கவேயில்லை. வலது கையில் கோப்பை இருந்தால் அதில் என்ன தப்பு தெரியப்போகிறது அவன் கண்ணுக்கு? இருபது நிமிஷம் ஆயிற்று. நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நகலைக் கையில் எடுத்துக்கொண்டு மூலை அலமாரிக்குப் போனான். பழைய கால்வாய் வரைபடங்களைக் கட்டி வைத்த பெரிய புத்தகம் ஒன்றை, யாரும் தொடாததை, உருவிக் கீழே வைத்துத் திறந்தான். நடுப்பக்கத்தில் மஞ்சள் அறை பளிச்சென்று இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கை" என்றான், தனக்குத்தானே.

லூடர்ஸ் அம்மாள் ஓடிப்போய் அசல் படத்தை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். வைதேகி அவன் எதிரில் குனிந்து, ஏன் என்று கேட்டாள்.

விற்பதற்காக எடுக்கவில்லை என்றான் பாலச்சந்திரன். படம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போனது ஒரே ஒரு வாரம்தான், தான் பார்த்து வரைவதற்காக. போன வருஷம் வகுப்பில் பேராசிரியர் எல்லார் முன்னாலும், நீ கோடு போடுகிறாய், சிதம்பரம் அறையை வரைகிறான் என்று சொன்னாராம். அன்றைக்குப் போய் வண்ணப் பெட்டி வாங்கினவன், எட்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினான்.

"என் படத்தைத்தான் அவர் கிளாஸ்ல காட்டினாரு" என்றான். "ஒரு மணி நேரம் புகழ்ந்தாரு. அந்தக் காலத்துக் கைன்னா இதுதான்னாரு. நான் மூணாவது வரிசையில உக்காந்து கேட்டேன். நான்தான் வரைஞ்சேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல. சிதம்பரம் போயிட்டாலாவது ஆறும்னுதான் அந்தச் சீட்டை அடிச்சு வெச்சேன்."

கோபாலன் தயாராக வைத்திருந்த கிண்டலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டான். எட்டு மாதம், மூன்றாவது வரிசை. தான் மூன்று ஸ்டாப்போடு தப்பித்தது அவனுக்கு உறைத்தது.

நான்கு மணிக்குக் கடிதம் போகவில்லை. பாலச்சந்திரன் தானே பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவனை என்ன செய்வது என்று பேராசிரியர் நகலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதாக லூடர்ஸ் அம்மாள் வந்து சொன்னாள். சிதம்பரம் வராந்தாவில் வைதேகிக்கு நன்றி சொன்னான், கண் கலங்கினான். தான் பிறவி இடக்கையன் என்றும், சின்ன வயசில் இடது கையால் எதை நீட்டினாலும் முழங்கையில் அடி விழும் என்றும் சொன்னான். அவ்வளவு பெரிய வீட்டில், நல்ல புடவை, இல்லை, கவுன் கட்டிக்கொண்டு ஒருத்தி இடது கையால் கொடுக்கிறாள், ஒருத்தரும் அவளை அதட்டவில்லை. அதனால்தான் அந்தப் படத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசையாம். வைதேகி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கோபாலனுக்கு வயிறு லேசாக எரியத்தான் செய்தது. ஒரே நாளில் எல்லாம் அணைந்துவிடுமா?

திரும்பும் டிராமில் கூட்டம் இல்லை.

"மூணு ஸ்டாப்" என்றாள் வைதேகி திடீரென்று.

"என்னது?"

"காலைல அந்தக் கார்டைப் பத்திச் சொல்ல நீங்க எடுத்துக்கிட்டது. தினம் என் மேஜையில நிக்கிற கார்டு, கோபாலன். லூடர்ஸ் அம்மா படத்தை வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கோபாலனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"அப்ப ஏன் சொல்லல?"

"பாலச்சந்திரன் என்ன பண்ணினார்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் தெரியல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

"நாலாவது ஸ்டாப்பும் போயிருந்தா?"

"நான் இறங்கியிருப்பேன். தனியா."

"அந்தக் கார்டை மட்டும் மேஜையிலேருந்து எடுத்துடலாமே?"

"மாட்டேன்" என்றாள். "நீங்க தினம் வந்து அதை முறைச்சுப் பாக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு."

அவர்களுடைய ஸ்டாப் வந்தது. வைதேகி எழுந்து இரண்டு அடி நடந்தவள், இன்னும் எழுந்திருக்காத உதவியாளனைத் திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றாள்.